கேரவன் இழுக்கும்போது பெட்ரோலைக் குடிப்பது எடையா, காற்றா?

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குப் பெர்த்துக்கோ கிறைஸ்ட்சர்ச்சுக்கோ போய், காரும், அதன் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடான கேரவனும் எடுத்துச் சுற்றலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் போதும். தேக்கா காப்பிக்கடையில் தொடங்கி வாட்ஸ்அப் குழுவரை ஆலோசனை குவிந்துவிடும். "பெரிய எஞ்சினா பாத்து எடுங்கண்ணே, இல்லன்னா இழுக்காது." "டீசல்தான் நல்லது, டார்க் இருக்கு." "ரெண்டு டன் பின்னால தொங்குது, பெட்ரோல் குடிக்காம என்ன செய்யும்?" ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நம்பினால் செலவும் கூடும், மலைச்சாலையில் மனமும் பதறும்.

இந்தக் குழப்பத்தில் நம் ஊருக்கும் பங்குண்டு. சிங்கப்பூரிலேயே உயரமான இடம் 164 மீட்டர் புக்கிட் தீமா குன்று. விரைவுச்சாலையில் உச்ச வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் ஏறிக்கொண்டே இருக்கும் சாலையோ, எதிர்க்காற்றில் நாள் முழுக்க ஓட்டும் அனுபவமோ இங்கே வாய்ப்பதில்லை. பாசிர் பாஞ்சாங் பக்கம் கொள்கலன் இழுக்கும் பிரைம் மூவர்களைத் தினமும் பார்க்கிறோம். அவற்றை ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம், கார் மட்டுமே ஓட்டிப் பழகிய நமக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆகவே அடிப்படையிலிருந்து வருவோம்.

இரண்டு கேள்விகள், இரண்டு விடைகள்

"இந்தக் கார் கேரவனை இழுக்குமா?" என்பது ஒரு கேள்வி. "எவ்வளவு பெட்ரோல் ஆகும்?" என்பது வேறு கேள்வி. பலரும் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டு, ஒரே விடையை எதிர்பார்க்கிறார்கள்.

ஒரு வேலையை முடிக்க மொத்தம் எவ்வளவு செலவாகிறது என்பது ஆற்றல். நம் மின்கட்டண ரசீதில் கிலோவாட்-மணி என்று வருவது இதுதான். பெட்ரோல் என்பது ஆற்றல்தான், திரவ வடிவில். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 9 கிலோவாட்-மணி இருக்கிறது. அதே வேலையை எவ்வளவு விரைவாகச் செய்து முடிக்க முடியும் என்பது திறன். எஞ்சினின் கிலோவாட், குதிரைத்திறன் எல்லாம் இந்தக் கணக்கு.

150 கிலோவாட் எஞ்சின் என்றால் எப்போதும் 150 கிலோவாட் எரிக்கும் என்று பொருளில்லை. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, எஞ்சின் அதற்குரிய வேகத்தில் சுழலும்போது அதிகபட்சமாக அவ்வளவு கொடுக்கும், அவ்வளவே. சமதரையில் ஓடும்போது அதில் ஒரு சிறு பங்குதான் வேலை செய்கிறது. "பெரிய எஞ்சின் நிறையக் குடிக்கும்" என்ற பேச்சு இங்கேதான் தடுமாறுகிறது. எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்வது சாலையும் காற்றும். எஞ்சின் அதைக் கொடுக்கிறது.

வண்டியைத் தடுப்பவை எவை?

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். பின்னால் கேரியரில் பத்துக் கிலோ அரிசி மூட்டை. கிளம்பும்போது கொஞ்சம் அழுத்தும். ஓடத் தொடங்கிவிட்டால் சமதரையில் மூட்டை இருப்பதே மறந்துவிடும். இப்போது மூட்டையை இறக்கிவிட்டு, அரைக் கிலோகூட இல்லாத குடையை விரித்து முன்னால் பிடியுங்கள். கடற்காற்றில் கால் கடுத்துவிடும். அதே இரண்டையும் மவுண்ட் ஃபேபர் ஏற்றத்துக்குக் கொண்டுபோங்கள். மெதுவாக ஏறும்போது குடை தொந்தரவே செய்யாது, மூட்டைதான் மூச்சு வாங்க வைக்கும்.

காருக்குப் பின்னால் மாட்டிய கேரவன் மூட்டையும் குடையும் சேர்ந்தது. தடைகள் மூன்று:

உருளல் எதிர்ப்பு என்பது டயர் தரையில் நசுங்கி நசுங்கி உருள்வதால் வரும் இழப்பு. எடை கூடினால் இதுவும் அதே விகிதத்தில் கூடும்.

காற்றுத் தடை என்பது எதிரே நிற்கும் காற்றைப் பிளந்து விலக்கும் உழைப்பு. எடைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. வண்டியின் முகம் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், என்ன வடிவம், எவ்வளவு வேகம் என்பவைதான் முக்கியம்.

ஏற்றத் தடை என்பது மொத்த எடையையும் மேலே தூக்கும் வேலை. சமதரையில் பூஜ்யம், மலையில் ராட்சதன்.

எண்களில் பார்த்தால்

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம்: 2 டன் எடையுள்ள கார், 1.8 டன் கேரவன், சமதரை, காற்று வீசாத நாள், மணிக்கு 90 கிலோமீட்டர். நியூசிலாந்தில் கேரவன் இழுக்கும் காருக்குச் சட்டப்படி உச்ச வேகமும் அதுதான்.

கார் தனியாக ஓடினால் சக்கரத்தில் ஏறக்குறைய 15 கிலோவாட் வேண்டும்: காற்றுக்கு 9, டயருக்கு 6. கேரவனை மாட்டியதும் இது 37 ஆகிறது: காற்றுக்கு 26, டயருக்கு 11. கூடியது 22 கிலோவாட். அதில் 17 காற்றுக்கே போகிறது. எடை கேட்டது 5 மட்டும்.

கேரவனின் முகம் இரண்டு மீட்டருக்கு மேல் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்ட சுவர். காரின் கூரைக்கு மேலே அதில் கணிசமான பகுதி துருத்திக்கொண்டு நிற்கிறது. நெடுந்தூரம் ஓட்டிவிட்டு இறங்கியதும் கேரவனின் முன்பக்கத்தைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கீழ்ப்பாதியில், கார் மறைத்த இடத்தில், பூச்சிக் கறை குறைவாக இருக்கும். காரின் கூரைமட்டத்துக்கு மேலே ஈ, தும்பி, விட்டில் எல்லாம் மோதி அப்பிக் கிடக்கும். காற்று அறைகிற இடம் அதுதான். பெட்ரோல் போன வழியைப் பூச்சிகள் வரைந்து காட்டியிருக்கும்.

இதனால்தான் "எடை குறைத்தால் பெட்ரோல் மிச்சம்" என்று எல்லாவற்றையும் இறக்கிவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கேரவனின் தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் எடை 100 கிலோ கூடும். சமதரையில் அதற்கான கூடுதல் செலவு 100 கிலோமீட்டருக்கு 100 மில்லிலிட்டர் பெட்ரோலைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பிள்ளைகள் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் தவிக்க வேண்டிய தேவையே இல்லை. எடைக்கு வரம்பு உண்டு, அதை மீறவே கூடாது. அது பாதுகாப்புக்காக, பெட்ரோலுக்காக அல்ல.

இதுவரை சுருக்கமாக: சமதரையில், நெடுஞ்சாலை வேகத்தில், கேரவனுக்காக நாம் கொடுக்கும் கூடுதல் பெட்ரோலில் முக்கால் பங்கு காற்றைத் தள்ளுவதற்குப் போகிறது. எடைக்குப் போவது கால் பங்கு.

வேகத்தின் விலை

காற்றுத் தடைக்கு ஒரு குணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். அந்த நான்கு மடங்குத் தடையை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ளவேண்டியிருப்பதால், தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். ஜொகூரைத் தாண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110-இல் ஓட்டிப் போகிறவர்கள் இதை ஓரளவு அனுபவித்திருப்பார்கள். உட்லண்ட்ஸில் முக்கால் தொட்டி பெட்ரோலோடு கிளம்பினாலும், 90-இல் போன நாளைவிட முள் சீக்கிரம் இறங்கியிருக்கும். கூரையில் பெட்டி கட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம்.

கேரவனோடு அந்தக் குணம் பல மடங்கு உறைக்கும். நம் எடுத்துக்காட்டு வண்டிக்கு 90-இல் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15.5 லிட்டர் ஆகும். 100-இல் போனால் 18 லிட்டர். 110-இல் 21 லிட்டர். ஆஸ்திரேலியாவில் பல சாலைகளில் கேரவனோடு 100-இல் போகச் சட்டம் இடம் கொடுக்கிறது. 200 கிலோமீட்டர் தூரத்தை 90-க்குப் பதில் 100-இல் கடந்தால் மிச்சமாவது 13 நிமிடம். அதற்குக் கொடுக்கும் விலை 5 லிட்டர் பெட்ரோல்.

இங்கே "வேகம்" என்று சொல்வது காற்றுக்கு எதிரான வேகம் என்பதையும் மறக்கக்கூடாது. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ ஏரிக்குப் போகும் வழியில் கேன்டர்பரி சமவெளி வருகிறது. வடமேற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் சூடான வறண்ட காற்றுக்கு அந்தச் சமவெளி பெயர் போனது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று நேர் எதிரே வீசினால், ஸ்பீடோமீட்டர் 90 காட்டினாலும் கேரவனின் முகத்தில் அறைவது 120 கிலோமீட்டர் காற்று. 15.5 லிட்டர் 24 லிட்டராக ஏறிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், செலவு குறையும். ஆனாலும் போகையில் இழந்தது முழுதாகத் திரும்பாது. "வண்டியில ஏதோ கோளாறு, திடீர்னு பெட்ரோல் குடிக்குது" என்று வாடகை நிறுவனத்துக்கு அழைப்பதற்கு முன்னால், சாலையோரப் புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பது நல்லது.

மலை வந்ததும் ஆட்டம் மாறுகிறது

இனி முதல் கேள்விக்கு வருவோம்: இழுக்குமா?

சமதரையில் 37 கிலோவாட் போதும் என்று பார்த்தோம். இன்றைக்கு விற்கும் எந்தக் குடும்பக் காரும் அதைக் கொடுக்கும். ஆனால் 100 மீட்டர் போனால் 6 மீட்டர் உயரும் ஒரு மலைச்சாலையில் அதே 90-ஐப் பிடித்துக்கொண்டு போக நினைத்தால், தூக்குவதற்கு மட்டும் 56 கிலோவாட் கூடுதலாக வேண்டும். மொத்தம் 93. இங்கே கணக்கைத் தீர்மானிப்பது எடை. காரில் வைத்த ஒவ்வொரு கிலோவும் இப்போது எண்ணப்படுகிறது.

வேகத்தை 60-க்கு இறக்குங்கள். தேவை 93-இலிருந்து 53 கிலோவாட்டாக விழுந்துவிடும். எஞ்சின் திணறுகிறது என்று பயப்படுபவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: மெதுவாகப் போனால் சிறிய எஞ்சினும் ஏறும். லாரிகள் ஏற்றத்தில் இடது ஓரமாக ஊர்ந்து போவது இதனால்தான்.

ஆனால் தூக்கும் வேலைக்கான ஆற்றல், மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் ஒன்றுதான். நம் காரையும் கேரவனையும் சேர்த்து 500 மீட்டர் உயரம் ஏற்ற ஏறக்குறைய 2 லிட்டர் பெட்ரோல் ஆகும். கேரவனை மட்டும் புக்கிட் தீமா உச்சியின் உயரத்துக்குத் தூக்க வெறும் 300 மில்லிலிட்டர். நியூசிலாந்தின் லிண்டிஸ் கணவாய் கடல்மட்டத்திலிருந்து 971 மீட்டர் உயரம். கடற்கரையிலிருந்து அங்கே ஏறும் மொத்த ஏற்றத்துக்கும் கூடுதலாகச் செலவாவது 4 லிட்டர்தான். மறுபக்கம் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய எஞ்சின்கள் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும் என்பதால் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். மலை எஞ்சினைச் சோதிக்கும். தொட்டியைக் காலி செய்வது பெரும்பாலும் நேரான, தட்டையான, வேகமான சாலை.

ஆக, "இழுக்குமா" என்ற கேள்விக்கு மலையும் எடையும் விடை சொல்கின்றன. "எவ்வளவு குடிக்கும்" என்ற கேள்விக்குக் காற்றும் வேகமும் விடை சொல்கின்றன.

டார்க் என்று எல்லாரும் சொல்வது என்ன?

முறுக்குவிசை, பேச்சுவழக்கில் டார்க், என்பது எஞ்சின் தன் தண்டைத் திருகும் பலம். நியூட்டன்-மீட்டரில் அளப்பார்கள். அந்தத் திருகலை நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் செய்கிறது என்பதோடு பெருக்கினால் கிடைப்பது திறன். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு உறுப்புகள். "பவர் முக்கியமா, டார்க் முக்கியமா" என்று மணிக்கணக்காக வாதிடுவதில் பயனில்லை.

அந்த 93 கிலோவாட் ஏற்றத்தையே எடுத்துக்கொள்வோம். கியர், அச்சு ஆகியவற்றில் வீணாவதையும் சேர்த்தால் எஞ்சின் ஏறக்குறைய 105 கிலோவாட் கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் எங்கும் காணும் டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஊட்டும் கருவி) டீசல் எஞ்சினின் முறுக்குவிசை 500 நியூட்டன்-மீட்டர், உச்சத் திறன் 150 கிலோவாட். அது 2,000 சுற்றிலேயே 105 கிலோவாட்டைக் கொடுத்துவிடும். ஓட்டுபவருக்குச் சத்தமே தெரியாது. டர்போ இல்லாத 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் முறுக்குவிசை 240-ஐ ஒட்டியிருக்கும். அதே 105 கிலோவாட்டுக்கு அது 4,200 சுற்றைத் தாண்ட வேண்டும். தானியங்கி கியர் இரண்டு படி கீழே இறங்கும், எஞ்சின் அலறும்.

அலறல் கெடுதல் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சத்தம் கேட்டதும் பலர் பயந்துபோய், கையால் மேல் கியருக்கு மாற்றுகிறார்கள். பெட்ரோல் எஞ்சின் அந்தச் சுற்றில் ஓடுவதற்காகவே செய்யப்பட்டது. குறைந்த சுற்றில், உயர்ந்த கியரில், மிதியை முழுக்க அழுத்தி முக்கவைப்பதுதான் சூட்டைக் கிளப்பும். டீசலின் நன்மை உண்மையானது: குறைந்த சுற்றிலேயே பலம் கிடைப்பதால் ஓட்ட இதமாக இருக்கும், ஆற்றலையும் கூடுதலாகப் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் அது மட்டும்தான் இழுக்கும் என்பது தவறு. இன்னொன்று: டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கும், மேலே காற்று மெலிந்துவிடுவதால். டர்போ அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

தேவை இரண்டரை மடங்கு, செலவு மட்டும் ஏன் இரண்டு மடங்கு?

கவனித்துப் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். 15 கிலோவாட் 37 ஆனால் அது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அப்படியானால் தனியாக 8 லிட்டர் குடிக்கும் கார் 20 லிட்டர் அல்லவா குடிக்க வேண்டும்? 15.5 எப்படி?

காரணம் எஞ்சினின் இயல்பில் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் இலேசான வேலையில் ஊதாரி. தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளவும் காற்றை உறிஞ்சவும் ஒரு நிலையான செலவு அதற்கு உண்டு. வேலை குறைவாக இருந்தால் அந்தச் செலவு பெரிய பங்காகிவிடும்; பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் கால் பங்குகூடச் சக்கரத்துக்கு வராது. வேலையைக் கூட்டினால் பயன் 30 சதவீதம்வரை ஏறும். கேரவன் மாட்டியதும் எஞ்சின் திறமையாக வேலை செய்யத் தொடங்குகிறது, இழப்பில் ஒரு பகுதியை அதுவே மறைத்துவிடுகிறது. இதற்கும் எல்லை உண்டு. சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சினை நீண்ட நேரம் முழு மிதியில் விரட்டினால், தன்னைக் குளிர்வித்துக்கொள்ளக் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். தனியாக ஓடும்போது சிக்கனமாக இருந்த சிறிய எஞ்சின் கேரவனோடு பெரிய எஞ்சினைவிட அதிகம் குடிப்பது இப்படித்தான்.

மின்சாரக் காரில் இந்த மறைப்பு இல்லை. மோட்டார் எப்போதும் திறமையாகவே ஓடுகிறது. எனவே இரண்டரை மடங்கு தேவை என்றால் இரண்டரை மடங்கு செலவு. 70 கிலோவாட்-மணி மின்கலத்தில் 360 கிலோமீட்டர் ஓடும் கார், நம் கேரவனோடு 150-க்கே மூச்சு வாங்கும். இதை மின்சாரக் காரின் குறை என்று பேசுகிறார்கள். பெட்ரோல் கார் சாதாரண நாளில் எவ்வளவு வீணாக்குகிறது என்பதைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது என்பேன். இழுக்கும் பலத்தில் மின்மோட்டாருக்குக் குறையே இல்லை. நிற்கும் நிலையிலிருந்தே முழு முறுக்குவிசை கிடைக்கும்.

கிளம்பும் முன்

வேகத்தை 90-இல் வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய மிச்சம். அடுத்தது கேரவனின் உயரம். நிறுத்திய பிறகு கூரையை உயர்த்திக்கொள்ளும் வகைக் கேரவன் கிடைத்தால் அதையே எடுங்கள், முகம் சிறியது. டயர் அழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில், கேரவன் டயரையும் சேர்த்துச் சரிபாருங்கள். ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும் சாலையில் குரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். அது ஏற்றத்தில் வேகத்தை விட்டுக்கொடுக்காமல் பெட்ரோலைக் கொட்டும். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் காற்று குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கேரவனோடு பிரேக் பிடிக்கும் தூரம் கூடுகிறது. நாலு லிட்டருக்காக உயிரைப் பணயம் வைக்க முடியாது. கேரவனுக்குப் பதில் மோட்டர்ஹோம் எடுப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு முழுக்கப் பொருந்தும், அதுவும் உயரமான சுவர்தான்.

இன்னும் ஒரு எண். காரின் கையேட்டில் இழுவை வரம்பு என்று ஒன்று இருக்கும்: அந்தக் கார் எத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்பது. பலர் அதை எஞ்சினின் பலம் என்று நினைத்து, "150 கிலோவாட் இருக்கே, கொஞ்சம் கூடினா என்ன?" என்கிறார்கள். அந்த வரம்பை எஞ்சின் மட்டும் தீர்மானிக்கவில்லை. பிரேக், அடிச்சட்டம், கொக்கி, எஞ்சினையும் கியர்பெட்டியையும் குளிர்விக்கும் அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து எழுதியது அது. ஏறும்போது எஞ்சின் கைவிட்டால் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம். 3.8 டன்னோடு இறங்கும்போது பிரேக் சூடேறிக் கைவிட்டால் நிறுத்த இடமே கிடைக்காது. ஆகவே உச்சியைத் தாண்டும் முன்பே வேகத்தைக் குறைத்து, ஏறும்போது போட்ட அதே தாழ்ந்த கியரில் இறங்கத் தொடங்குங்கள். எஞ்சின் மறுபடியும் அலறும். இம்முறை அது பெட்ரோலைக் குடிக்கவில்லை, வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.